பத்துப் பேரைக் காட்டி இந்த வெற்றியைச் சிறுமைப்படுத்தாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எல்லாக் குழுக்களிலும் அந்த ஒரு படம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியை எதிர்த்து நின்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தடுப்பாட்டக்காரர்களை ஒவ்வொருவராக வட்டமிட்டு, பதினோரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணினால் பத்துப் பேர்தான் என்று காட்டும் படம். அதன் கீழே இங்கே வாழும் தமிழர்களான நம்மவர்கள் எழுதியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். எதிரணி ஆளை எண்ணத் தவறியதால் ஒஹாயோ ஸ்டேட் பிழைத்தது, இல்லாவிட்டால் செப்டம்பரிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்பதுதான் அவற்றின் சாரம். பொறுமையாகத்தான் இருந்தேன். நேற்று இரவு நான் மிகவும் மதிக்கும் நண்பர் ஒருவரே அதைப் பகிர்ந்து, என் பெயரையும் சேர்த்து டேக் செய்த பிறகு, பதில் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 23, சனிக்கிழமை இரவு, நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 17-14 என்று கிடைத்தது உழைத்துப் பெற்ற வெற்றி. எதிரணி ஓர் ஆளைக் குறைவாக நிறுத்தியது கடைசி ஒரு யார்டில்தான். அதற்கு முன்னால் நம் அணி பந்தைக் கொண்டுவந்த 64 யார்டு இருக்கின்றன, அவற்றைப் பற்றி அந்தப் படத்தில் எதுவும் இல்லை.

ஆட்டத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்காக அந்தக் கடைசி டிரைவை, அதாவது பந்தோடு நம் அணி முன்னேறிய கடைசிச் சுற்றை, திரும்பச் சொல்கிறேன். 14-10 என்று பின்தங்கியிருக்கிறோம். ஒன்றரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரமே மீதமிருக்க, நம்முடைய 35 யார்டு கோட்டில், எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு 65 யார்டு தூரத்தில், பந்து கிடைக்கிறது. பந்தை உதைத்து ஃபீல்டு கோல் அடித்தால் மூன்று புள்ளிதான், பயனில்லை; பந்தோடு எல்லைக் கோட்டைக் கடக்கும் டச் டவுன் ஒன்றுதான் வழி. எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று கத்தும் அரங்கம் அது. பந்தைக் கையில் வாங்கி எறிபவர் கடந்த பருவத்தில் ஆடிய சி. ஜே. ஸ்ட்ரவுட் இல்லை, அவர் தொழில்முறை ஆட்டத்துக்காக ஹியூஸ்டனுக்குப் போய்விட்டார். பருவம் தொடங்கிய பிறகும் இடம் உறுதியாகாமல், டெவின் பிரவுனோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த கைல் மெக்கார்டுதான் நிற்கிறார். பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்தான், ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்காவது டவுனில் 7 யார்டு வேண்டும் என்ற நிலை வருகிறது; தவறினால் எல்லாம் முடிந்தது. ஜூலியன் ஃபிளெமிங்குக்கு எறிகிறார், தேவையான 7 யார்டு கிடைக்கிறது. பிறகு பெனால்டியால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மூன்றாவது டவுனில் 19 யார்டு வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அங்கிருந்து எமேக்கா எக்பூக்காவுக்கு 21 யார்டு எறிந்து, பந்தை ஒரு யார்டு கோட்டில் கொண்டுபோய் வைக்கிறார். அந்த எறிதலைத் தடுக்க எதிரே ஆள் குறைவாக இல்லை. கடைசி இரண்டு ஸ்னாப்களில், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த கடைசி இரண்டு முறைதான் பத்துப் பேர்.

அந்த இரண்டில் முதலாவதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? மார்வின் ஹாரிசன் ஜூனியருக்கு எறிந்த பந்து சேரவில்லை. அப்போதும் பத்துப் பேர்தான் நின்றார்கள், அப்போதும் நமக்குப் புள்ளி கிடைக்கவில்லை. ஓர் ஆள் குறைந்தாலே வெற்றி தானாக மடியில் விழும் என்றால், அது அங்கேயே விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஸ்னாப்பில் சிப் டிரேயனம் ஓடி, ஒரு விநாடி மீதமிருக்கும்போது கோட்டைக் கடந்தார். அவர் ஓடிய பக்கத்தில்தான் ஆள் குறைவாக இருந்தது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் பந்தைக் கொண்டுவந்து, ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லாத எதிரணியை அந்தப் பதற்றத்துக்குத் தள்ளியது யார்? நோட்டர் டேம் பயிற்சியாளர் மார்கஸ் ஃபிரீமனே பொறுப்பைத் தம் பயிற்சியாளர் குழுவின் மேல் ஏற்றுக்கொண்டார். அவர் ஒஹாயோவில் வளர்ந்தவர், ஒஹாயோ ஸ்டேட்டுக்கே தடுப்பாட்டத்தில் லைன்பேக்கராக ஆடியவர். தோற்றவருக்கு இருக்கும் நேர்மை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது.

இது விதிமீறலும் இல்லை, நடுவர்களின் தவறும் இல்லை. தடுக்கும் அணி பதினோரு பேருக்குக் குறைவாக நிற்பதைத் தடைசெய்யும் விதி கிடையாது, பன்னிரண்டு பேர் நின்றால்தான் பெனால்டி. ஒரு யார்டு கோட்டில் அந்தப் பெனால்டியும் அரை யார்டுக்கு மேல் போகாது. 1990இல் கொலராடோ அணிக்கு மிசூரிக்கு எதிராக நடுவர்கள் எண்ணிக்கை தவறி ஐந்தாவது டவுன் கொடுத்தார்கள், அதில் டச் டவுன் அடித்துக் கொலராடோ 33-31 என்று வென்றது. அந்த வெற்றியைப் பற்றி இன்றும் வாதம் நடப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே விதி மீறப்பட்டது. இங்கே எந்த விதி மீறப்பட்டது என்று அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவராவது சொல்லட்டும்.

அணியில் குறையே இல்லை என்று நான் சொல்வதாகத் திரித்துவிடாதீர்கள். குறை இருக்கிறது, அது கண்ணெதிரே இருக்கிறது. சுமார் நான்கு நிமிடம் மீதமிருக்கையில், நோட்டர் டேமின் 11 யார்டு கோட்டில், நான்காவது டவுனில் ஒரு யார்டு வேண்டியபோது, நேராக இடித்துக்கொண்டு போக நம்பிக்கை இல்லாமல் எக்பூக்காவின் கையில் பந்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் ஓடவிட்டார்கள். அது அங்கேயே தடுக்கப்பட்டது. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் ஆராய வேண்டிய இடம் அதுதான். பாரிஸ் ஜான்சன், டாவண்ட் ஜோன்ஸ், லூக் விப்ளர் என்று முன்வரிசையில் (லைனில்) நின்று இடித்து வழி திறக்கும் மூன்று லைன்மேன்கள் ஒரே ஆண்டில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். அந்த வரிசையில் டேக்கிள் என்ற இடம் இரண்டும் புதிது, நடுவில் நிற்கும் சென்டரும் புதிது. டிரவேயான் ஹெண்டர்சன் மூன்றாவது கால் பகுதியில் 61 யார்டு ஓடி டச் டவுன் அடித்தது அழகுதான். ஆனால் ஒரு யார்டு வேண்டும்போது அந்த ஒரு யார்டைப் பெற்றுத்தராத லைன், நவம்பரில் மிச்சிகனோடு ஆட ஆன் ஆர்பருக்குப் போகும்போது என்ன செய்யும் என்ற கவலை எனக்கும் இருக்கிறது. கடைசி டிரைவுக்கு முன்புவரை பத்துப் புள்ளிதான் எடுத்திருந்தோம். 37 முறை எறிந்து 21ஐச் சேர்த்து 240 யார்டு எடுத்த மெக்கார்டு, முதல் பாதியில் தயங்கித்தான் ஆடினார்.

இவற்றை எழுதுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். யாரும் இவற்றை எழுதவில்லை. தடுப்பாட்டத்தைப் பற்றியும் எழுதவில்லை. கடந்த பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் மிச்சிகனுக்கு 45 புள்ளியும் ஜார்ஜியாவுக்கு 42 புள்ளியும் விட்டுக்கொடுத்த அதே பயிற்சியாளர் ஜிம் நோல்ஸின் தடுப்பாட்டம், பந்தெறிவதில் சாம் ஹார்ட்மன் போன்ற அனுபவசாலியை வைத்திருக்கும் அணியை அவர்களுடைய சொந்த அரங்கத்திலேயே 14 புள்ளியில் நிறுத்தியது. முதல் பாதியில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஓர் ஆட்டம் முழுக்க நடந்த அந்த உழைப்புக்கு ஒரு வரி இல்லை, ஒரு விநாடியில் எடுத்த படத்துக்கு இத்தனை பகிர்வுகள்.

குறுகிய வெற்றி நல்ல அணிக்கு அடையாளம் இல்லை என்கிறார்கள். நான் படிக்க வந்து ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான இந்தக் கொலம்பஸில் இறங்கிய ஆண்டு 2002. அந்தப் பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் சின்சினாட்டியை 23-19 என்றும், விஸ்கான்சினை 19-14 என்றும், பென் ஸ்டேட்டை 13-7 என்றும் வென்றது. பர்டியூவிடம் 6-3 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது டவுனில் ஒரு யார்டுக்காக எல்லோரும் காத்திருக்க, கிரெய்க் கிரென்சல் 37 யார்டு எறிந்து மைக்கேல் ஜென்கின்ஸிடம் பந்தைச் சேர்த்தார், 10-6. இல்லினாயை ஓவர்டைமில் வென்றது, மிச்சிகனை 14-9 என்று வென்றது. கடைசியில் மயாமியை இரண்டு ஓவர்டைமில் 31-24 என்று வீழ்த்தி, 14 ஆட்டத்திலும் தோற்காமல் தேசியப் பட்டம் பெற்றது. அந்த அணியை இன்று இந்த ஊரில் யாராவது பிழைத்துப்போன அணி என்று சொல்லத் துணிவார்களா?

அந்தப் பர்டியூ ஆட்டத்தை நான் பார்த்தது எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டில் இருந்த பெரியவர் வீட்டில். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அப்போது டவுன் என்றால் என்னவென்றே தெரியாது. கிரிக்கெட் பார்க்கும் கண்ணோடு பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தொலைக்காட்சித் திரையில் விரலை வைத்து, பந்தைப் பார்க்காதே, நடுவில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள் முன்னே போகிறார்களா பின்னே வருகிறார்களா என்று பார், ஆட்டம் அங்கேதான் நடக்கிறது என்றார். அவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். ஊரில் ஒருவரையும் தெரியாத நேரத்தில், சனிக்கிழமை மதியம் ஆனால் கதவைத் தட்டிக் கூப்பிடும் ஒரு வீடு எனக்கு இருந்தது என்றால் அது இந்த அணியால் கிடைத்தது. சனிக்கிழமை இரவும் அவர் சொன்னபடி லைனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்காவது டவுனில் அவர்கள் பின்னே தள்ளப்பட்டதையும் பார்த்தேன், கடைசி டிரைவில் களைத்துப்போன உடம்போடு மெக்கார்டுக்கு எறிய நேரம் வாங்கிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

இன்னொன்றையும் கேட்கத்தான் வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவிடம் 42-41 என்று தோற்றோம். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 14 புள்ளி முன்னிலை, ஹாரிசன் காயத்தால் வெளியே, நோவா ரகிள்ஸ் உதைத்த 50 யார்டு ஃபீல்டு கோல் இடப்பக்கம் விலகிப் போனபோது இங்கே நள்ளிரவு. எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்று நான் எழுதியபோது இதே நண்பர்கள் என்ன சொன்னீர்கள்? ஒரு புள்ளியில் தோற்றாலும் தோல்வி தோல்விதான், பலகையில் இருக்கும் எண்ணைத் தவிர வேறெதுவும் கணக்கில் வராது என்றீர்கள். சரி, ஏற்றுக்கொண்டேன். இப்போது பலகையில் 17-14 என்று இருக்கிறது. ஒரு புள்ளியில் தோற்றபோது எண் மட்டும் போதும், மூன்று புள்ளியில் வென்றபோது எண் போதாது என்றால், இந்த அணி என்ன செய்தால் உங்களுக்குத் திருப்தி வரும்?

பயிற்சியாளர் ரயான் டே, ஆட்டம் முடிந்ததும் நோட்டர் டேமின் முன்னாள் பயிற்சியாளரான 86 வயது லூ ஹோல்ட்ஸின் பெயரைச் சொல்லித் தொலைக்காட்சியில் கொதித்தது சரியா என்று கேட்கிறீர்கள். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பேச்சைத் தொடங்கியது யார்? நோட்டர் டேமுக்கு 1988இல் பட்டம் வாங்கித் தந்தவர், அதற்கு முன்பு 1968இல் இதே ஒஹாயோ ஸ்டேட்டில் வுடி ஹேஸின் கீழ் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், ஆட்டத்துக்கு முந்தைய நாள் நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, அலபாமா, ஜார்ஜியா, கிளெம்சன், மிச்சிகன் என்று தோல்விகளைப் பட்டியலிட்டு, உடல் வலிமையில் மிஞ்சும் அணி வந்தால் இவர்கள் தாங்கமாட்டார்கள் என்றார். இருபது வயதுப் பையன்களைப் பற்றி நாடே கேட்கும்படி அப்படிச் சொன்னால், அவர்களுக்குப் பொறுப்பானவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். தன் வீட்டுப் பிள்ளைகளைச் சொன்னதுபோல அவருக்குப் பட்டிருக்கிறது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, நேற்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: இது வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் ஆடும் ஆட்டம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், எதற்கு இத்தனை ஆவேசம் என்று. படத்தைவிட இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் படித்த பல்கலைக்கழகம் இது. என் பிள்ளைகள் பிறந்த ஊர் இது. டிரேயனம் இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஏக்ரன் நகரத்துப் பையன். லைன்பேக்கராக இந்த அணிக்கு வந்து, ஓடுபவர்கள் காயமடைந்தபோது, இடம் மாறி ஆடச் சொன்னதும் மாறி ஆடியவர். அவர் அந்தக் கோட்டைக் கடந்தபோது என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் எழுந்து நின்று கத்தினோம், என் மகள் அழுதாள். அவளிடம் போய், இது நம்முடையது இல்லை என்று நான் சொல்ல வேண்டுமா? சேப்பாக்கத்தில் வென்றால் மட்டும்தான் எனக்கு மகிழ உரிமை உண்டா? இத்தனை ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்த பிறகும், எதற்கு மகிழலாம் எதற்கு மகிழக் கூடாது என்று நம்மவர்களே அளந்து கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வாரம் அணிக்கு ஓய்வு. அக்டோபர் 7ஆம் தேதி மேரிலாந்து இங்கே வருகிறது, பிறகு 21ஆம் தேதி பென் ஸ்டேட். மேரிலாந்துக்கு எதிராக முதன்முதலில் மூன்றாவது டவுனில் ஒரு யார்டு வேண்டும் என்ற நிலை வரும்போது, பந்தை யாரிடம் கொடுக்கிறார்கள், டேக்கிள்களான ஜாஷ் ஃபிரையரும் ஜாஷ் சிம்மன்ஸும் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பாருங்கள். அன்றும் பக்கவாட்டில் ஓடினால் நானே இங்கே வந்து கடுமையாக எழுதுவேன். அதுவரை அந்தப் படத்தை எனக்கு அனுப்புபவர்கள், அதற்கு முந்தைய 64 யார்டையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.