பொருள் எண் 17

எங்க வார்டு கவுன்சிலர் எனக்கு மதினி முறை. ஒண்ணுவிட்ட பெரியப்பா மகன் சம்சாரம். பேரூராட்சி பேரு வேணாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க காரைக்குடியச் சுத்தி ஏதாச்சும் ஒரு ஊர நெனச்சுக்கங்க. 2022 பிப்ரவரியில நின்னு ஜெயிச்சாங்க. அதுக்கு முந்தி தேர்தல் நடந்தது 2011ல, 2016ல அந்த மன்றம் முடிஞ்சதோட அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் வச்சே ஓட்டிட்டாங்க, அதனால மதினிக்கு மட்டும் இல்ல, உள்ள போய் உக்காந்த பாதிப் பேருக்கு அஜெண்டான்னா என்னன்னே அப்பத்தான் தெரியும். பொம்பளைகளுக்குப் பாதி இடம்னு வந்ததுல நின்னவங்க, எல்லாம் அண்ணன்தான் பாத்துக்குவார்னு ஊர்ல பேசுனாக. அண்ணனும் ஒரு வருஷம் பாத்தார். அப்புறம் சர்க்கரை ஏறி கால்ல புண்ணு வந்து திண்ணையோட உக்காந்துட்டார், மதினி தனியாப் போக ஆரம்பிச்சாங்க. ஊருக்கு நல்லதாத்தான் போச்சு.

ரெண்டு மாசத்துக்கு முந்தி, கூட்டத்துக்கு மொத நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், அஜெண்டாவச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. "தம்பி, நீங்க கணக்கு எழுதுறவுக, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம்." மொத்தம் 31 பொருள், அதாவது மன்றம் முடிவெடுக்க வேண்டிய 31 விஷயம். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மோட்டார் காயில் கட்டுனது, குப்பை வண்டி டயர், இப்படியே போவுது. இதுல பாதி பின்னேற்பு. அதாவது வேலை முடிஞ்சு, பில்லு பாஸாகி, பணமும் போனப்புறம் மன்றம் சம்மதிச்சதா எழுதிக்கிறது. தாலி கட்டி மறுவீடு போயிட்டு வந்தப்புறம் பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்குற கதைதான். சரி, அதையெல்லாம் தாண்டி 17க்கு வந்தேன்.

"பேரூராட்சி தொடர்பான வழக்குகளை நடத்திட வழக்கறிஞர் நியமனம் செய்யவும், அதற்கான செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும் மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது." அதுக்குக் கீழ, "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்."

அவ்வளவுதான். யார் வக்கீல், எத்தனை கேஸ், எந்தக் கோர்ட்டு, கேஸுக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, முன்னாடி இருந்த வக்கீல் என்ன ஆனார், அவர்கிட்ட இருந்த கேஸ் கட்டு திரும்பி வந்துச்சா, ஒரு வரி இல்ல. அடுத்தது 18, ஒரு ஏஜென்சி மூலமா 14 பேரு எடுக்குறது, கம்ப்யூட்டர் ஆபரேட்டர், டிரைவர், தெருக் கூட்டுறவுக எல்லாம் சேத்து. அதுல மாசத் தொகை மட்டும் போட்டிருக்கு, ஆளுக்குக் கையில எவ்வளவு, ஏஜென்சிக்கு சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) யார் கட்டுறா, ஒண்ணும் கெடையாது. அதுலயும் "அனுமதிக்கலாம்"தான். எனக்கு இந்த "லாம்" மேல தனியா ஒரு கோவம் உண்டு. ஆபீஸ் சொல்லுது அனுமதிக்கலாம்னு, மன்றம் எழுதுது அனுமதிக்கப்பட்டதுன்னு, நாளைக்கு ஒண்ணுன்னா ஆபீஸ் மன்றத்தக் காட்டும், மன்றம் ஆபீஸக் காட்டும்.

இதப் படிச்சதும் சில பேரு வெளியாளே கூடாது, எல்லாம் நிரந்தர வேலையா ஆக்கணும்னு கமெண்ட் போடுவீங்க, தெரியும். தெருக் கூட்டுறவங்க விஷயத்துல நானும் அந்தப் பக்கம்தான், 2025 ஆகஸ்டுல சென்னை மாநகராட்சி ஆபீஸு, ரிப்பன் பில்டிங் வாசல்ல மழையிலயும் வெயில்லயும் போராட்டத்துல உக்காந்திருந்த தூய்மைப் பணியாளர்களப் பாத்தவன் வேற எப்படிப் பேசுவேன். ஆனா ஒரு பேரூராட்சி சம்பளம் போட்டு வக்கீல் வச்சுக்க முடியுமா? முடியாது. வெளியாள்தான் வேணும். எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு இளநிலை உதவியாளர், வரி அவர், பொறப்பு எறப்பு அவர், கேஸ் கட்டும் அவர்தான். அந்த மனுசன் மதியம் சோறு திங்கிறதே நாலு மணிக்கு.

அதுவும் இல்லாம, வெளியாள வச்சு வேலை வாங்குறது செட்டிநாட்டுக்குப் புதுசா என்ன? முதலாளி கானாடுகாத்தான்லயோ தேவகோட்டையிலயோ வீட்டுப் பட்டாலையில உக்காந்திருப்பார், ரங்கூன்லயும் பினாங்குலயும் அவர் பணத்த வேற ஒருத்தர் பொரட்டிக்கிட்டு இருப்பார். எங்க ஐயா பர்மாவுல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா, அதாவது கடைய நடத்துறவருக்கு அடுத்த ஆளா இருந்தவுக. அவுக சம்பளச்சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில கெடக்கு, மடிப்பெல்லாம் பிஞ்சு நாலு துண்டா, தொட்டா உதிருது, கறையான் ஒரு ஓரத்தத் தின்னுருச்சு. ஆனா தின்னது போக மிச்சத்துலயே எல்லாம் தெளிவா இருக்கு: எந்த ஊருக் கடை, எத்தனை வருஷம், மொத்தச் சம்பளம் என்ன, முன்பணம் என்ன. மூணு வருஷம் ஒரு கணக்கு. கடையிலேர்ந்து ஊருக்கு ஐந்தொகை (கடையோட வரவு செலவு, இருப்புக் கணக்கு) வந்துக்கிட்டே இருக்கணும். கெடு முடிஞ்சு கப்பல் ஏறி வந்தா, முகப்புல உக்காந்து கணக்க ஒப்படைக்கணும், அது சரியா இருந்தாத்தான் மறுபடி சீட்டு. ஐயா சொல்லுவாக, கப்பல்ல வர்றப்ப வயித்தக் கலக்குறது கடல்னால இல்லப்பா, கணக்குனாலன்னு. கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குற ஊர்ல, ஊர்ப் பணத்துல வைக்கிற வக்கீலுக்கு ஒரு ஒன்றரை வரித் தீர்மானம். வெக்கமா இல்லையா நமக்கு?

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த சம்பளச்சீட்டுல இருந்த அளவு வெவரம், அதத்தான் சொல்றேன். வக்கீல டெண்டர் போட்டுக் கொறஞ்ச ரேட்டுக்குப் பிடிக்கணும்னு சொல்லல, அப்படிப் பிடிச்சா கேஸும் கொறஞ்ச ரேட்டுலதான் நடக்கும். ஆனா நமக்கு வேண்டியவர், கட்சிக்காரர், தலைவரோட மச்சான் சொன்ன ஆளுன்னு வைக்கிறதும் ஆகாது. பஞ்சாப் கேஸ் ஒண்ணுல 2016லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, அரசு வக்கீலப் போடுறப்ப தகுதி பாத்து, வெளிப்படையா, ஒரு மொறை வச்சுப் போடணும், ஏன்னா அந்த வக்கீல் நிக்கிறது ஜனங்களுக்காக, அவருக்குப் போறதும் ஜனங்க பணம்னு. அது மாநில அரசு வக்கீல்களப் பத்துன தீர்ப்புதான், ஆனா அந்த நியாயம் பேரூராட்சிக்கு ஆகாதுன்னு எவன் சொல்லுவான்? மத்த சாமான், சர்வீஸுக்கெல்லாம் தமிழ்நாட்டுல 1998லயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் வந்தாச்சு. சட்டத்துக்குக் கொறச்சலே இல்ல நம்ம ஊர்ல.

மறுநாள் மதினி போனாங்க. நான் ஒரு ரூல்டு பேப்பர்ல மூணே கேள்வி எழுதிக் குடுத்தேன். மத்ததெல்லாம் ரொம்பக் கேட்டா உன் புருசன் எழுதிக் குடுத்தானான்னு கேப்பாக (கேட்டாக, அதுவும் நடந்துச்சு). பழக்கம் என்னன்னா, கிளார்க் பொருள் நம்பர வாசிப்பார், யாராச்சும் மேசையத் தட்டுவாக, அடுத்த நம்பர். காப்பி வர்றதுக்குள்ள 16 முடிஞ்சிருச்சாம். 17ன்னதும் மதினி எந்திரிச்சு, "நம்ம ஊர் மேல எத்தனை கேஸு இருக்குங்க?"ன்னு கேட்டாங்க. மொத கேள்வியே அதான். செயல் அலுவலர் கிளார்க்கப் பாத்தார், கிளார்க் பீரோவப் பாத்தார். பத்துப் பன்னெண்டு இருக்கும்மான்னார். பத்தா பன்னெண்டா? அதுக்கு அடுத்த கேள்விக்கே போகல, துணைத்தலைவர் "யம்மா, ஆக வேண்டியதப் பாப்போம், பசிக்குது"ன்னு சிரிக்க, மதினி உக்காரல. "கேஸ் எத்தனைன்னே தெரியாம எத்தனை கேஸுக்கு வக்கீல் வைக்கிறோம்?"னு நின்னுருக்காங்க. கடைசியில 17ம் 18ம் ஒத்திவைப்பு. நாலு வருஷத்துல எங்க மன்றத்துல ஒரு பொருள் ஒத்திவச்சது அதான் மொத தடவைன்னு பேசிக்கிறாக.

இதுல பழைய வக்கீல் பக்கத்தையும் சொல்லணும், இல்லாட்டி பாவம். நான் நேர்ல போய்ப் பாத்தேன். அவர் சொல்றார், எனக்கு ரெண்டு வருஷமா பீஸு வரல, ஆபீஸ்ல கவுண்டர் (பதில் மனு) போட வெவரம் கேட்டா யாரும் குடுக்குறது இல்ல, வாய்தாவுக்கு வாய்தா நானே போய் டைம் கேட்டுக்கிட்டு நிக்கிறேன், ஜட்ஜு என்னய ஒரு மாதிரி பாக்குறார், எத்தனை நாளைக்கு என் கைக்காசப் போட்டுப் போவேன்னார். நியாயமான பேச்சு. எவ்வளவு பீஸு, எப்பக் குடுப்போம், ஆபீஸ் சைடுல யாரு கட்டக் கொண்டாந்து குடுக்கணும்னு எழுதியிருந்தா அவரும் கேட்டு வாங்கிருப்பார், நம்மளும் ஏன் போகலன்னு கேட்டிருக்கலாம். ஒண்ணும் எழுதல, அதனால ரெண்டு பக்கமும் கேக்க முடியல. தணிக்கையில வருமேன்னு கேப்பீங்க. வரும். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரங்க தணிக்கைத் தடைன்னு ஆட்சேபம் எழுதுவாக, அது கைக்கு வர்றதுக்குள்ள செயல் அலுவலர் ரெண்டு ஊர் மாறிருப்பார்.

18ஆம் நம்பருக்கு எங்க தெருக் கூட்டுற அக்காவே சாட்சி. இப்ப இருக்குற ஏஜென்சி அவுக சம்பளத்துல மாசா மாசம் பிஎஃப் பிடிக்கிறான். ஒரு கணக்குக்கு 10,000 ரூபா சம்பளம்னு வச்சுக்கங்க, பிஎஃப் 12 சதவீதம் 1,200, இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 75, ஆக 1,275 ஆள் கையிலேர்ந்து போவுது. முதலாளி பங்கா அதே 1,200 பிஎஃப்புக்கு, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம் 325. ஒரு ஆளுக்கே 2,800 ரூபா வெளிய கட்டியாகணும், 14 பேருக்கு மாசம் 39,200. இந்தப் பணம் கட்டுனானா இல்லையான்னு பாக்காமயே அவன் பில்லு மாசா மாசம் பாஸாகுது. அந்த அக்கா செல்போன வாங்கி பிஎஃப் பாஸ்புக் தொறந்து பாத்தேன், ஒன்பது மாசமா ஒரு பைசா ஏறல. அக்கா கேக்குது, "பிடிச்ச காசு எங்க தம்பி போச்சு, எனக்கு என்னமோ பேங்குல இருக்குன்னுல்ல நெனச்சேன்." நான் என்னத்தச் சொல்ல. ஏஜென்சிக்காரன் கட்டலேன்னா வேலை வாங்குன பேரூராட்சிதான் பதில் சொல்லணும், 1970ல வந்து 2025 நவம்பர் வரைக்கும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துலயே சம்பளத்துக்கு அப்படித்தான் வச்சிருந்துச்சு, பிஎஃப்புக்கும் அதே கதைதான். அப்ப நாளைக்கு ரெண்டாந்தடவ கட்டப்போறது நம்ம வீட்டு வரியிலேர்ந்து. போன மாசம் கட்டுன சலான் காப்பி வச்சாத்தான் இந்த மாசம் பில்லுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி. அது போதும். அந்த ஒரு வரிய எழுத இன்னிக்கு வரைக்கும் ஆள் இல்ல.

இந்தப் பக்கத்து ஆளுங்க உங்க ஊர்லயும் கேட்டுப் பாருங்க. ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, வக்கீல் நியமனத் தீர்மான நகல், ஏஜென்சி ஒப்பந்த நகல், கடைசி ஒரு வருஷத்து பிஎஃப் சலான், இது மூணையும் கேளுங்க, 30 நாள்ல குடுக்கணும். காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு, அங்க தொகை இன்னும் பெருசு, கேக்குறதுக்கு ஆளும் கூட இருப்பீங்க.

சரி, எங்க ஊருக்கு வர்றேன். ஒத்திவச்சப்ப கேஸ் லிஸ்ட்டு அடுத்த கூட்டத்துக்கு வைக்கிறோம்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க, அத முந்தாநாள் மதினி கையில குடுத்தாங்க. பத்தும் இல்ல, பன்னெண்டும் இல்ல, 19 கேஸு. ஏழு கேஸுக்கு நம்பரே எழுதல. எல்லாத்துக்கும் நேரா "நிலுவையில் உள்ளது"ன்னு ஒரே கையெழுத்துல, மேலேர்ந்து கீழ வரைக்கும், ரெண்டாவது வரியிலேர்ந்து "மேற்படி", "மேற்படி"ன்னு. அதுல ஆறாவது எங்க ஊரணி வரத்துக்கால் கேஸ், ஊரணிக்குத் தண்ணி வர்ற வாய்க்கா அது. வரத்துக்கால அடைச்சு வேலி போட்டுத் தென்னை வச்ச ஒருத்தர், பேரூராட்சி உள்ள வரக்கூடாதுன்னு நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டுப் போட்டது. அந்த ஊரணியிலதான் எங்க அப்பத்தா காலம் வரைக்கும் குடிதண்ணி எடுத்தோம், கால் கழுவக்கூட விடமாட்டாக, காவலுக்கு ஆள் இருக்கும்.

நம்பர் இருந்துச்சேன்னு கேஸ் நெலமை காட்டுற இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டுப் பாத்தேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் வந்துச்சு. கேஸ் முடிஞ்சு போச்சு. எக்ஸ் பார்ட்டி. பேரூராட்சி சார்புல யாரும் ஆஜராகல, ஒருதலைப்பட்சமா டிக்ரி ஆகி அஞ்சு மாசம். அத ரத்து பண்ணக் கேக்குறதுக்கு 30 நாள்தான் கெடு, இப்ப தாமதத்த மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டு, ஏன் தாமதம்னு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக்கிட்டு நிக்கணும். அதுக்கு வக்கீல் வேணும். வக்கீலுக்குத் தீர்மானம் வேணும். அது ஒத்திவச்சாச்சு, மதினி கேட்டதுனாலதான் ஒத்திவச்சாகன்னு நாளைக்கு அவுக தலையிலயே கட்டுனாலும் கட்டுவாக.

செல்போன மதினிகிட்ட நீட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. இங்கிலீஷ் புரியல, தேதி மட்டும் புரிஞ்சுச்சு போல, அந்தத் தேதிய வெரலால தொட்டுத் தொட்டு மாசத்த எண்ணுனாங்க.

"இத பிரிண்ட் எடுக்க முடியுமா தம்பி? பதினஞ்சு காப்பி எடுங்க. துணைத்தலைவருக்கு மட்டும் பெரிய எழுத்துல."