வாரினார்கள் சரி, கொட்டியது எங்கே?

ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் படத்தைப் போட்டிருந்தேன். "அதை ஏன் சார் பிடுங்கணும்? தண்ணியில இருக்கிற விஷத்தை எல்லாம் அதுதானே உறிஞ்சுது" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உறிஞ்சுகிறது, உண்மைதான்.

ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். காம்பில் வெங்காயம் மாதிரி உப்பல் (வெங்காயத்தாமரை என்ற பேர் அதனால்தான்). கீழே கருத்த தாடி போல வேர். வேலையெல்லாம் அந்தத் தாடியில்தான். ஈயம், காட்மியம், குரோமியம் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், இலைக்கு ஏறுவது கொஞ்சம். குரோமியம் முக்கியமாக இரண்டு வகையில் இருக்கும். அதில் வேதியியலில் ஆறாம் இணைதிறன் என்று சொல்லும் வகைதான் கொடியது. அதை இந்த வேர், நஞ்சு குறைந்த மூன்றாம் இணைதிறன் வகையாக மாற்றியே வைத்துக்கொள்கிறது. பெரிய கெட்டிக்காரச் செடி.

ஆனால் ஈயம் மக்காது. செடிக்குள் போனாலும் ஈயம் ஈயம்தான். செடி செத்து அடியில் அழுகினால் பிடித்ததெல்லாம் திரும்ப ஏரிக்கே வரும். அதற்குள் வாரி எடுக்க வேண்டும். எடுத்ததை ஆபத்தான கழிவாக நினைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

எங்கள் ஊரில் வாரினார்கள். ஜேசிபி ஓட்டிய அண்ணனிடம் "எங்கண்ணே கொட்டுவீங்க?" என்றேன். "இதோ, இங்கதான் தம்பி" என்று கரையைக் காட்டினார். மூன்று நாளில் ஆள் உயரக் குவியல். ஆடுகள் மேய்ந்தன. தோட்டக்காரர் ஒருவர் உரத்துக்கென்று இரண்டு டிராக்டர் ஏற்றிப் போனார். வெறும் சாக்கடை கலக்கும் ஏரி என்றால் நல்ல உரம்தான். எங்கள் வரத்துக் கால்வாயில் உலோகம் கலந்த முலாம் பூசும் பட்டறைத் தண்ணீரும் சேர்கிறதே!

இன்னொன்று, அளவு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஆலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு. அங்கே ஆகாயத்தாமரை வளர்த்து என்ன ஆகப்போகிறது? பட்டறை தன் கழிவைத் தானே சுத்திகரித்த பிறகு, மிச்சம் மீதிக்குக் கோரையும் நாணலும் வைத்த தொட்டி கட்டட்டும். அங்கே வளர்வதை எண்ணி எடுக்கலாம், எடுத்ததற்குக் கணக்குக் கேட்கலாம். ஏரியை அந்தத் தொட்டியாக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நேற்றுக் காலை கரைப் பக்கம் போனேன். ராத்திரி நல்ல மழை. குவியல் பாதியாகச் சரிந்து, அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஏரிக்குள் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீரைத் தொட்ட ஓரத்தில் புதிதாக நாலு இலை துளிர்த்திருக்கிறது.