ரோசா பார்க்ஸ் கால்வலியால் எழ மறுத்தவர் அல்லர்

வேலை முடிந்து களைத்துப்போன மூதாட்டி ஒருவர் வெள்ளையருக்கான இருக்கையில் அமர்ந்து எழ மறுத்தார் என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸைப் பற்றிப் பரவும் செய்தி தவறானது. 1955 டிசம்பர் 1 அன்று, இருக்கைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த, அமெரிக்காவின் அலபாமா மாநில மாண்ட்கொமரி நகரப் பேருந்தில் அவர் அமர்ந்திருந்தது கறுப்பினத்தவரும் அமரக்கூடிய நடுப்பகுதியில்தான். வெள்ளையருக்கான முன்வரிசைகள் நிரம்பி வெள்ளையர் ஒருவர் நின்றதால், ஓட்டுநர் பார்க்ஸின் வரிசையிலிருந்த நால்வரையும் எழச் சொன்னபோது மூவர் எழுந்தனர், அவரோ எழ மறுத்துச் சன்னலோரமாக நகர்ந்து அமர்ந்தார், அதற்காகக் கைதானார். அப்போது அவருக்கு வயது 42. தையல் வேலை பார்த்துவந்த அவர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் 1943 முதலே செயலாளராகப் பணியாற்றியவர். உடல் களைப்பு காரணமன்று, பணிந்து பணிந்தே சலித்துப்போனதுதான் காரணம் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை மறைத்து அவர்மீது இரக்கம் காட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி. அதே நகரில், அதே ஆண்டு மார்ச்சிலேயே, 15 வயது மாணவி கிளாடெட் கால்வினும் இவ்வாறே எழ மறுத்துக் கைதானார்.