திறக்கப்படாத பாராசூட் புதியதற்குச் சமமா?

"ஒருமுறைகூடத் திறக்கப்படாத பழைய அவசரப் பாராசூட் புதியதற்குச் சமம், கிளைடர் பறப்போர் தயங்காமல் வாங்கலாம்" என்று மேலே நண்பர் எழுதியிருப்பது தவறு, உயிருக்கு ஆபத்தானதும்கூட. நைலான் பயன்பாட்டால் மட்டும் தேய்வதில்லை. குளச்சல் கரையில் வெயிலில் கிடந்த வலை நூல் எப்படி வலுவிழக்கிறது என்பதை நம் மாவட்டத்தில் மீனவர் எவரும் சொல்வார். பாராசூட் துணியும் அதே வகை இழைதான். பைக்குள் மூடியிருந்தாலும் ஈரம் பூஞ்சையை வளர்க்கும், ரப்பர் வளையங்கள் இற்றுப்போகும், உப்புக் காற்று உலோகப் பாகங்களை அரிக்கும்.

1980களில் தயாரான சில வட்டப் பாராசூட்டுகளில், வலைத்துணியிலிருந்த அமிலம் அருகிலிருந்த நைலானைச் சிதைத்தது பிற்பாடுதான் தெரியவந்தது. அவற்றுள் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவையும் இருந்தன. எனவே தயாரிப்பு ஆண்டையும் மடிப்புப் பதிவேட்டையும் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் 20 ஆண்டுகளையே ஆயுள் எல்லையாகக் கூறுகின்றனர். அமெரிக்க விதிப்படி, செயற்கை இழைப் பாராசூட்டைத் தகுதிபெற்ற ரிகர் (பாராசூட்டைச் சோதித்து மடிப்பவர்) பறப்பதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் மடித்திருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே அத்தகையவரிடம் கொடுத்து, முழுவதுமாக விரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.