அந்த அக்கா கேட்டது மருத்துவக் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நோயாளிகள் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. அந்த அக்கா கேட்டதும், மேடையிலிருந்த டாக்டரிடமிருந்து "உயிர் பிழைச்சதே பெரிசும்மா, இனிமே சாமியக் கும்பிடுங்க" என்று வந்த பதிலும், அதற்கு எழுந்த சிரிப்பும் உங்களுக்குத் தெரியும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மலம் சேர வயிற்றில் பை வைத்த பிறகு கணவரோடு சேரும்போது ஏன் இவ்வளவு வலிக்கிறது? மருத்துவக் கேள்விதானே இது? தையல் போட்ட இடம் ஏன் வலிக்கிறது என்று கேட்டால் சிரிப்பீர்களா?

பதில் இல்லாத கேள்வியும் இல்லை. மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகி, யோனி பின்பக்கம் சாய்ந்துவிடலாம். தழும்பு இறுகும். அடிவயிற்றுக்கு ரேடியேஷன் கொடுத்திருந்தால் யோனி வறண்டு சுருங்கலாம். அங்கே ஓடும் நரம்புகள் அறுவையில் அடிபட்டால் உணர்ச்சியே குறையலாம். இதற்கெல்லாம் வழுவழுப்புக்கு ஜெல் இருக்கிறது, யோனியை மெல்ல விரிக்க டைலேட்டர் என்ற கருவி இருக்கிறது, ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கலாம். இரண்டு நிமிடப் பேச்சு. சாமியை இதில் இழுத்திருக்கவே வேண்டாம்.

எனக்கும் கொலோஸ்டமிதான், அதாவது பெருங்குடலை வயிற்றில் திறந்து பை வைத்திருக்கிறார்கள், நிரந்தரம். டிஸ்சார்ஜுக்கு முன் சிஸ்டர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். வயிற்றில் வெளியே தெரியும் குடல் வாயான ஸ்டோமா மேல் அட்டையை வைத்து அளவெடுப்பது, வளைந்த கத்தரிக்கோலால் தோலில் ஒட்டும் பிளேட்டில் வட்டம் வெட்டுவது, வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பிசிறு எடுப்பது. எது சாப்பிட்டால் காற்று சேரும் என்பதுவரை சொன்னார். கணவரோடு சேர்வதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அதே மருத்துவமனையில் அதே அறுவை செய்துகொண்ட ஓர் அண்ணாச்சியிடம், விறைப்பு பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அவர் மனைவியே என்னிடம் சொன்னார். எனக்கு நரம்பே கிடையாது போலிருக்கிறது.

"பொதுக்கூட்டத்தில் கேட்கலாமா?" என்கிறீர்கள். ஓபிடியில் ஒரு பக்கம் அடுத்த நோயாளி, இன்னொரு பக்கம் மாணவர்கள். அப்புறம் எங்கேதான் கேட்பது? "டாக்டர்களுக்கு நேரமில்லை." சரி, ஒத்துக்கொள்கிறேன். பரேல் மருத்துவமனையில் அந்த வரிசையில் நின்றவள் நான், மறுக்க மாட்டேன். ஆனால் கிண்டலடிக்க நேரம் இருந்ததே. "அந்த வயசில் எதுக்கு?" இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது, போங்கள்.

உண்மையில் டாக்டரைவிட, சேர்ந்து சிரித்த பெண்கள்மேல்தான் எனக்கு ஆற்றாமை. நான் வீடு திரும்பிய அன்றே என் நாத்தனார், "அண்ணனுக்கு வாடை ஒத்துக்காது மதினி" என்று அவர் தலையணையை எடுத்து ஹாலில் போட்டாள். நல்லவள்தான், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் என்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. ஒழுங்காக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கே யாரும் சொல்லவில்லையே.

இப்போது நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கணவரோடு சேர்வதற்கு முன்பே பையைக் காலி செய்துவிடுங்கள். நான் பழைய சுங்குடிச் சேலையில் ஓர் உறை தைத்து வைத்திருக்கிறேன், மாட்டினால் பிளாஸ்டிக் சரசரப்பு அடங்கும். ஸ்டோமாவில் வலி நரம்பு கிடையாது, மேலே லேசாகப் பட்டால் பயப்பட வேண்டாம். அதற்குள் மட்டும் எதையும் நுழைக்கக் கூடாது. இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலைத் திறந்து வைத்த பை, உள்ள இளம்பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள், குடல் அதைச் சரியாக உறிஞ்சாமல் போகலாம். டாக்டரிடம் கேளுங்கள். சிரித்தால் வேறு டாக்டரிடம் கேளுங்கள்.

முந்தைய பதிவில் ஒரு பெரியவர், "இதையெல்லாம் உங்க வீட்டுக்காரர் படிக்கிறாரா?" என்று அக்கறையாக விசாரித்திருந்தார். படிக்கிறார் ஐயா. இதைப் போடுவதற்கு முன்பே படித்துவிட்டார். ஒற்றுப்பிழை நிறைய இருந்ததாம், அவர்தான் திருத்திக் கொடுத்தார்.