மொட்டை மாடிக் காற்றாடியில் வீடு முழுக்கக் கரண்டா?

“ஒரு மீட்டர் காற்றாடியை மொட்டை மாடியில் மாட்டினால் வீடு முழுக்கக் கரண்ட். இந்த வருடக் கண்டுபிடிப்பு!” சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887-லேயே துணிப்பாய் கட்டிய காற்றாலையில் பேட்டரி சார்ஜ் ஏற்றித் தன் விடுமுறை வீட்டில் விளக்கெரித்தார். (ஊர்க்காரர்கள் அந்த வெளிச்சத்தைச் சாத்தான் வேலை என்றார்களாம்.) அமெரிக்கப் பண்ணைகளில் ஜேக்கப்ஸ் சகோதரர்கள் தயாரித்து விற்ற மின் காற்றாடிகள் 1930-களில் பரவலாக ஓடின. 1936-இல் ஊரக மின்சாரச் சட்டம் வந்து, மின்கம்பி பண்ணைவரை நீண்டதும் அந்த வியாபாரம் மெல்லப் படுத்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் விட்டமுள்ள காற்றாடியைக் கடக்கும் காற்றின் சக்தியே சுமார் 30 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தால் பெரிது. ஒரு எல்இடி பல்பு எரியும், மிக்ஸி சுற்றாது.

ஏற்காடு உயரம்தானே என்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு; அதே வேகத்தில் கிடைக்கும் சக்தியும் அந்த அளவு குறையும். போதாததற்கு, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் காற்றைத் தடுத்துச் சுழலவிடும். மர உச்சிக்கும் மேலே 30 அடியாவது கம்பம் வேண்டும். அந்தச் செலவு ஃபார்வர்டில் இல்லை.