அக்குள் புடைப்பு எல்லாம் சதை இல்லை

மும்பையில் தாராவி, சயான் பக்கத்து நம் பெண்கள் பலருக்கும் அக்குளில் மெத்தென்று ஒரு புடைப்பு தெரிந்தால், ஒன்று உடம்பு போட்டுவிட்டது என்று ஜிம்மில் சேர்கிறார்கள். இல்லை, கேன்சர் என்று தூக்கம் கெடுகிறார்கள். பல நேரம் இரண்டுமே இருக்காது. அது இடம் மாறி நின்ற மார்பகத் திசுவாக இருக்கலாம்.

கருவில் ஆறாவது வாரம் வாக்கில் அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை இருபுறமும் மார்பகத்துக்கான கோடு ஒன்று உருவாகும். மார்புப் பகுதி தவிர மற்றது மறைய வேண்டும். மறையாத மிச்சம் அதிகம் தங்குவது அக்குளில்தான். மாதவிலக்குக்கு முன் கனத்து வலித்து, பிறகு தளர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கொழுப்புக் கட்டி மாதக் கணக்குப் பார்க்காது. உடம்பு இளைத்தால் கொழுப்புதான் குறையும், மார்பகச் சுரப்பி அப்படியே நிற்கும்.

பிரசவமான 3, 4 நாளில் அங்கேயும் பால் கட்டும். உடனே வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுதல் (நம் வீட்டுப் பெரியவர்களை யார் தடுப்பது!). காம்பு இல்லாத இடத்தில் பால் வெளியேற வழியில்லை. உருவ உருவ இன்னும்தான் சுரக்கும். குளிர்ந்த துணியை 10, 15 நிமிடம் வையுங்கள், வலிக்குப் பாராசிட்டமால், குழந்தைக்கு வழக்கம்போலப் பால். தானே வற்றும். சிவந்து காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

முதல் பரிசோதனை மார்பு, அக்குள் இரண்டுக்கும் சோனோகிராபி (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்). 40 தாண்டியவர்களுக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே). கல்லாக, அசையாமல் இருந்தால், மாதவிலக்கோடு சம்பந்தமில்லாமல் வளர்ந்தால், ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். அரிதாக இதிலும் புற்றுநோய் வரும். காசநோயில் அக்குளில் நெறி கட்டுவதையும் (நிணநீர்க் கணு வீக்கம்) நம் ஊரில் மறந்துவிட முடியாது.

தொந்தரவில்லையென்றால் விட்டுவிடலாம். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்தால் வலி, மழைக்காலத்தில் உரசிப் புண், ரவிக்கை பிடிப்பு என்றால் அறுவை நியாயம்தான். ஆனால் ‘சின்னத் துளை போதும், உறிஞ்சி எடுத்துவிடலாம்’ என்று சொல்லும் கிளினிக்கில் ஒன்று கேளுங்கள்: ஸ்கேனில் கொழுப்பா, சுரப்பியா? லைப்போசக்‌ஷன் கொழுப்புக்குச் சரி. கெட்டியான சுரப்பி முழுதாக வராது, மிஞ்சியது அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வீங்கும். அதற்கு அக்குள் மடிப்போடு கீறி வெட்டி எடுப்பதே முறை. பாலூட்டுவதை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துச் செய்வது நல்லது.

வெட்டிய குழியில் நீர் கோப்பதுதான் அடிக்கடி வரும் சிக்கல். அதனால்தான் நீரை வடிக்க டியூப், இறுக்கக் கட்டு, சில வாரம் கனம் தூக்கத் தடை. அவ்வழியே போகும் நரம்பு இழுபட்டால் மேல்கையின் உட்புறம் மாதக்கணக்கில் மரத்திருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவே. இதை முன்கூட்டியே சொல்லாத சர்ஜனிடம் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்த திசு கட்டாயம் பயாப்சிக்குப் போக வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால், வலி, புண் போன்ற உண்மையான தொந்தரவுகளை டாக்டர் சீட்டிலேயே எழுதி வாங்கி, அறுவைக்கு முன்பே அனுமதி கேளுங்கள். ‘அழகுக்காக’ என்று பதிவானால் க்ளெய்ம் பெரும்பாலும் கிடைக்காது.